ஐந்நூறு சொல்லில் நான்

“உம்மைப் பற்றி 500 சொற்களுக்கு மிகாமல் எழுதி அனுப்புக.”

சென்ற நவம்பர் மாதத்தில் இப்படி ஒரு கட்டளை என் முன் வந்து நின்றது. ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் வேண்டி அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். மதிப்பெண் எவ்வளவு என்று கேட்டார்கள், எழுதினேன். என்னென்ன பாடம் படித்தாய் என்று கேட்டார்கள், எழுதினேன். எல்லாம் அரைமணி நேர வேலை. கடைசியில் இருந்தது இந்த ஒரு கட்டம். இதை நிரப்ப எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

நண்பர்களே! என் சொந்தக் கதையைச் சொல்லி உங்கள் பொழுதைப் போக்குவது என் நோக்கம் அன்று. நம் சங்கத்து உறுப்பினர்களில் பலர் இந்த ஆண்டு இதே கட்டத்தின் முன் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதை நான் விடுதியில் காண்கிறேன். வேலைக்கு விண்ணப்பம், உதவித்தொகைக்கு விண்ணப்பம், மேற்படிப்புக்கு விண்ணப்பம் என்று எங்கே போனாலும் ‘நீ யார்?’ என்ற கேள்வி எழுத்தில் விடை கேட்கிறது. ஆகவே என் தடுமாற்றத்தையும், அதிலிருந்து நான் கொண்ட கருத்தையும் உங்கள் முன் வைக்கிறேன். கருத்துத் தவறானால் அடுத்த இதழில் மறுத்து எழுதுங்கள், மகிழ்வேன்.

தொல்லை பெயரிலேயே தொடங்கிவிட்டது. ‘முதற்பெயர்’ என்று ஒரு கட்டம். ‘குடும்பப் பெயர்’ என்று மற்றொரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்று நம் பெயருக்கு முன்னே காவற்காரனைப் போல் நிற்கும், அவ்வளவுதான். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே ஒட்டியிருந்த சாதிப் பட்டங்களை விட்டொழிக்கும்படி தீர்மானம் செய்தது. அதன்பின் தமிழர் பலர் அந்த வாலை வெட்டி எறிந்தார்கள். அது நமக்குப் பெருமை. ஆனால் வால் இருந்த இடம் விண்ணப்பத் தாளில் வெறும் கட்டமாக நின்றுகொண்டு, ‘நிரப்பு, நிரப்பு’ என்கிறதே! வேறு வழியின்றி அதில் அப்பாவின் பெயரை எழுதினேன். இளங்கலையில் சேர்ந்தபோதும் அப்படித்தான் எழுதினேன். அதன் பயன் என்ன தெரியுமா? மும்பையில் தாராவித் தெருக்களில் மிதிவண்டியில் இட்டிலி விற்கும் என் தந்தையைத் தில்லியில் பேராசிரியர்கள் நாள்தோறும் பெயர் சொல்லி அழைத்து, வந்திருக்கிறாரா என்று கேட்கிறார்கள். நான் எழுந்து நின்று ‘வந்திருக்கிறேன் ஐயா’ என்கிறேன். எனக்கு வரும் கடிதங்களில் பாதி, அப்பாவின் பெயருக்கு முன் ‘திரு’ போட்டு வருகின்றன!

அடுத்தது ‘சொந்த ஊர்’. பிறந்தது திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூர். மூன்று வயதில் அம்மாவின் இடுப்பில் அமர்ந்து மும்பை வந்தேன். எழுத்தறிந்தது மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில். வளர்ந்தது மராத்தியும் இந்தியும் தமிழும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் சந்தில். இப்போது வாழ்வது தில்லியில். இங்குள்ள தோழியர்க்கு நான் ‘மதராசி’. சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969-இல். அந்தச் செய்தி இவர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும். மும்பையில் நான் ‘இட்டிலிக்காரர் மகள்’. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அத்தை வீட்டில் நான் ‘பம்பாய்க்காரி’. மூன்று ஊரில் மூன்று பெயர். மூன்றும் பிறர் இட்டவை. இவற்றில் எதை நான் என் கையால் எழுதுவது?

இந்தச் சிக்கலில் நம் மொழியே நமக்கு ஒரு பாடம் சொல்லும். ஆங்கிலத்தில் ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் ஒரே சொல்தான். தமிழில் அப்படி அன்று. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. விலக்கி வைத்தால் ‘நாங்கள்’. வாயைத் திறக்கும்முன்பே, எதிரே இருப்பவர் உள்ளே நிற்பவரா, வெளியே நிற்பவரா என்று முடிவு செய்தாக வேண்டும். இடம்பெயர்ந்து வாழும் நமக்கு இந்த முடிவு எளிதாக இருப்பதில்லை. ஊரில் அத்தையிடம் ‘நாம’ என்று தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து ‘நாங்க’ என்று திருத்திக்கொண்ட நாட்கள் எனக்கு உண்டு. உங்களுக்கும் இருக்கும்.

சரி, எழுதத் தொடங்கினேன். முதல் வரைவு கணினி எழுதியது. இன்று செயற்கை அறிவு கொண்ட கணினியிடம் இரண்டு வரி சொன்னால் அரை நிமிடத்தில் ஐந்நூறு சொற்களைக் கொட்டிவிடுகிறதல்லவா? ‘சிறு வயது முதலே இயற்கையின் புதிர்கள் என்னைக் கவர்ந்தன’ என்று தொடங்கி, ‘உங்கள் பல்கலைக்கழகம் என் கனவுகளுக்குச் சிறகு தரும்’ என்று முடித்தது. படித்துப் பார்த்தேன்; நன்றாகவே இருந்தது. என் அறைத்தோழி வேதியியல் படிக்கும் வங்காளப் பெண். அவளும் அதே கணினியிடம் கேட்டு வைத்திருந்தாள். அவளையும் சிறு வயது முதலே இயற்கையின் புதிர்கள் கவர்ந்திருந்தன! உண்மையைச் சொன்னால், சிறு வயதில் என்னைக் கவர்ந்தது சந்து முனையில் விற்ற பனிக்கட்டி மிட்டாய்தான். இரண்டு பேருக்கும் பொருந்தும் சட்டை இருவர்க்கும் சொந்தமன்று. அந்த வரைவு போயிற்று.

இரண்டாம் வரைவை நானே எழுதினேன். மூத்த மாணவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்ன அறிவுரை அதற்குத் தூண்டுதல். “உன் கையில் எவ்வளவு பெரிய சரக்கு இருக்கிறது! தாராவி என்றாலே வெளிநாட்டார் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்பா பட்ட பாட்டை எழுது. அம்மா மாவரைத்த கையை எழுது. கண்ணீர் வரும்படி எழுது. இடம் கிடைத்துவிடும்” என்றார். எழுதினேன். ஒரே அறை கொண்ட வீடு, விடியுமுன் மூன்று மணிக்கு எழும் தந்தை, ஆவி பறக்கும் இட்டிலிக் கொப்பரை, அதன் பக்கத்தில் புத்தகத்தோடு நான்! ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆயினும் முழுவதையும் சேர்த்துப் படித்தபோது ஏனோ பொய் சொன்னதுபோல் இருந்தது. ஏன் என்று விளங்கவில்லை.

அன்று இரவு தொலைபேசியில் அப்பாவிடம் கேட்டேன்.

“யப்பா, உங்களப் பத்தி எழுதலாமாப்பா?”

“என்னன்னு எழுதப் போற?”

“நீங்க பட்ட கஷ்டத்த.”

சற்று நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. பின்பு சொன்னார்: “இட்டிலி விக்கேன்னு எழுது. அது தொழில். கஷ்டப்பட்டேன்னு எழுதாத யம்மா. படலன்னு சொல்லல. அது எங் கணக்கு. ஒங் கணக்குல எதுக்கு அத வரவு வைக்க?”

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என் தந்தை. மூன்று வாரம் நான் தேடிய காரணத்தை மூன்று மூச்சில் சொல்லிவிட்டார். அவர் உழைப்பை நான் என் தகுதியாக எழுதிவிட்டேன். அவர் விடியற்காலையில் எழுந்தார். அதற்குப் பரிசாக எனக்கு இடம் தரவேண்டும் என்று கேட்டுவிட்டேன். அதுதான் பொய்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ‘வறுமையை மறைக்க வேண்டுமா? பின்வரிசையிலிருந்து ஓடி வந்தவன், தான் நின்ற இடத்தைச் சொல்லாவிட்டால், முன்வரிசைக்காரனோடு அவனை எப்படி ஒப்பிடுவது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. இயற்பியலில் ஒரு பொருளின் இடப்பெயர்ச்சியைக் கணக்கிட வேண்டுமானால் தொடக்கப் புள்ளி தெரிந்தாக வேண்டும். அதுபோல நம் தொடக்கப் புள்ளியையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் புள்ளி புள்ளியாக இருக்கட்டும்; அதையே பாதை என்று காட்டவேண்டாம். ‘என் தந்தை இட்டிலி வணிகர், எங்கள் வீடு ஓர் அறை’ என்பது செய்தி. அதன்மேல் கண்ணீரைத் தெளிப்பது வாணிகம். முதலாவது நம் உரிமை. இரண்டாவது, பெற்றோரின் மானத்தை விலைக்கு வைப்பது.

அப்படியானால் எதை எழுதுவது? அறிவியல் மாணவிக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. ஐந்து ஆண்டுகளாக ஆய்வகக் குறிப்பேட்டில் ‘நான்’ என்ற சொல்லை எழுதாமல் இருக்கவே எங்களைப் பழக்கினார்கள். ‘அளவிடப்பட்டது’, ‘கணக்கிடப்பட்டது’, ‘காணப்பட்டது’ என்றுதான் எழுதுவோம். யார் அளந்தது, யார் கணக்கிட்டது என்று கேட்டால் ஆள் இல்லை! இப்படி ஆளை அழித்து எழுதிப் பழகிய கையிடம் திடீரென்று ‘ஆளை எழுது’ என்றால் அது எப்படி எழுதும்?

மேலும், அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளைச் சற்றே மாற்றிவிடும் என்பது எங்கள் முதற்பாடம். மின்னழுத்தமானியைச் சுற்றில் இணைத்தால் அதுவும் சிறிது மின்னோட்டத்தை உண்ணும். சுற்றின் நிலை மாறிவிடும். வெந்நீரில் இட்ட வெப்பமானி அந்நீரின் வெப்பத்தில் ஒரு துளியைத் தான் எடுத்துக்கொள்ளும். அங்கேயாவது கருவி வேறு, பொருள் வேறு. தன்னைத் தான் எழுதும்போது இரண்டும் ஒன்றே அன்றோ? எழுத உட்கார்ந்த உடனே நாம் சற்று நிமிர்ந்து உட்காருகிறோம். அந்த நிமிர்ந்த உருவத்தைத்தான் எழுதுகிறோம்.

பெரியோரும் இதில் இடர்ப்பட்டிருக்கிறார்கள். டார்வின் 1876-இல் தம் பிள்ளைகளுக்காகத் தம் வரலாற்றை எழுதினார். இறந்துபோன ஒருவன் மறுவுலகிலிருந்து தன் வாழ்வைத் திரும்பிப் பார்ப்பதுபோல எழுத முயன்றதாக அவரே சொல்கிறார். அவர் மறைந்தபின் 1887-இல் அது அச்சானபோது குடும்பத்தார் சில பகுதிகளை நீக்கிவிட்டார்கள். நீக்கியவற்றை 1958-இல்தான் அவருடைய பேத்தி மீண்டும் சேர்த்து வெளியிட்டார். நம் டாக்டர் உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கியபோது எண்பதைக் கடந்தவர். 1940 முதல் ஆனந்த விகடனில் வந்த அத்தொடர், 1942-இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. அந்த நூலைப் புரட்டிப் பாருங்கள். பக்கம் பக்கமாக அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருக்கிறார். உடன் பயின்றவர் இருக்கிறார்கள். சுவடி தேடிச் சென்ற ஊர்களும் அங்கே சோறிட்ட மனிதரும் இருக்கிறார்கள். தம்மைப் பற்றிய அடைமொழிகளைத் தேடித்தான் காணவேண்டும். ஆயினும் நூலை மூடும்போது ஐயரை நாம் நன்றாக அறிந்துவிடுகிறோம். அவர் தம்மைப் புகழவில்லை. தாம் செய்ததையும் கண்டதையும் சொன்னார். அவ்வளவே.

‘தன்னைப் பற்றித் தானே பேசுவது தமிழ்ப் பண்பா?’ என்ற தயக்கமும் நம்மில் பலர்க்கு உண்டு. அடக்கமாக இருக்கக் கற்றவர்கள் நாம். இராமகாவியம் பாட வந்த கம்பர், பாற்கடலை நக்கிக் குடித்துவிட எண்ணிய பூனையோடு தம்மை ஒப்பிட்டு அவையடக்கம் சொன்னார். ஆனால், நண்பர்களே, அந்தப் பூனைக்குப் பின்னே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் இருந்தன! நமக்குப் பின்னே என்ன இருக்கிறது என்று தெரியாதவரிடம் நாமும் ‘பூனை’ என்று சொன்னால், அவர் பால் வார்த்து அனுப்பிவிடுவார்.

இந்த ஐயத்தைத் தீர்க்க நான் நன்னூலுக்குப் போனேன். சங்க நூலகத்தில் அட்டை கிழிந்த படி ஒன்று இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த இலக்கண நூல். நமக்குப் பள்ளியில் எழுத்தும் சொல்லும் கற்பித்த நூல். அதன் பாயிரத்தைப் பலர் படிப்பதில்லை. எத்தனை துறையில் எத்தனை அரிய நூல் செய்து முடித்தவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று அங்கே முனிவர் முதலில் விதிக்கிறார். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. நான்கு இடங்களில் தன்னைப் புகழ்தல் கற்றவர்க்குத் தகும் என்று விலக்கும் தருகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது. தன் ஆற்றலை அறியாதவர் நடுவே நிற்கும்போது. அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதில். எதிரி தன்னைப் பழித்த காலத்தில். இந்நான்கையும் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். விண்ணப்பம் அரசவை ஓலை அல்லாமல் வேறு என்ன? அதைப் படிப்பவர் நம் ஆற்றலை அறியாதவர்தாமே? நேர்முகத் தேர்வு அவை அல்லவா? ‘மதராசி’ என்று இகழ்ந்து சிரிப்பவனுக்கு விடை சொல்லும் பொழுது நான்காம் இடம் அல்லவா? நம் விடுதி வாழ்க்கை முழுவதையும் முனிவர் நான்கு அடிகளில் அடக்கிவிட்டார்!

ஆகவே தன்னை எழுதுவதில் தவறில்லை. எழுதும் முறையில்தான் தவறு நேர்கிறது. என் கருத்து இது: நம்மைப் பெயரடையால் எழுதக் கூடாது, வினைச்சொல்லால் எழுத வேண்டும். தமிழ் இதற்கு வாய்ப்பான மொழி. ‘நான்’ என்ற சொல்லை எழுதாமலே ‘தேடினேன்’, ‘தோற்றேன்’, ‘கண்டேன்’ என்று எழுதலாம். வினையின் வாலில் நான் ஒடுங்கி இருக்கிறேன். செயல் முன்னே நிற்கிறது. செய்தவள் பின்னே நிற்கிறாள். ‘விடாமுயற்சி உடையவள்’ என்பது பிறர் சொல்ல வேண்டியது. முயன்றது எது என்பதே நான் சொல்ல வேண்டியது.

எனவே மூன்றாம் வரைவை முதலில் தமிழில் எழுதினேன். மெல்லேடுகள் பற்றிய என் ஆய்வுப் பணியில் வெற்றிடக் கலம் ஒன்று நான்கு வாரம் என்னை அழ வைத்தது. காற்றை எவ்வளவு உறிஞ்சினாலும் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கவில்லை. எங்கோ கசிவு. ஒவ்வோர் இணைப்பிலும் அசிட்டோனைத் துளித்துளியாகத் தடவி, அளவுமானியின் முள் எங்கே துள்ளுகிறது என்று பார்த்தேன். கடைசியில் ஒரு மூடியின் இரப்பர் வளையத்தில் குறுக்கே ஒட்டிக் கிடந்தது ஒற்றைத் தலைமயிர். என் தலைமயிர்தான்! அதை அப்படியே எழுதினேன். நான்கு வாரம் வீணானதையும், வளையத்தை முதல் நாளே துடைத்துப் பார்க்காத என் பிழையையும் எழுதினேன். ஆய்வகத்தில் 9.8 என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார், 0.1 கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பிழையளவையும் எழுதினால்தான் அது அளவீடு. மனிதனுக்கு மட்டும் பிழையளவு வேண்டாமா? குறை சிறிதும் சொல்லாத தன்குறிப்பை அறிவுள்ளவர் எவரும் நம்பமாட்டார்.

தந்தையைப் பற்றி ஒரே வாக்கியம் எழுதினேன்: ‘என் தந்தை மும்பையில் இட்டிலி விற்கிறார், குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருப்பது அவர் பெயர்.’ இதை அவருக்குப் படித்துக் காட்டினேன். “சரி, கணக்கு நேராயிட்டு” என்றார்.

முடிக்குமுன் நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூலுக்குச் சிறப்புப்பாயிரம் சொல்லத் தக்கவர் யார் என்றும் நன்னூல் கூறுகிறது. ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரை செய்தவன் ஆகிய இந்நால்வரே. ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க நாம் வரிசையில் நிற்கிறோம். உடன் கற்றவனை மறந்துவிட்டோம். நம் குறைநிறைகளை நம்மினும் நன்றாக அறிந்தவர், அடுத்த மேசையில் இருந்து நாம் தோற்றதையும் மீண்டும் தொடங்கியதையும் பார்த்தவர் அவரல்லவா? என் வரைவில் ‘தலைமயிர்’க் கதையைச் சேர் என்று சொன்னவள் என் ஆய்வகத் தோழிதான், அது எழுதத் தகுந்தது என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஆதலால் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை சங்க அறையில் கூடுவோம். அவரவர் எழுதிய தன்குறிப்பை மற்றவர் கையில் கொடுப்போம். மிகை எங்கே, குறை எங்கே, பிறர் கணக்கிலிருந்து எடுத்த வரவு எங்கே என்று ஒருவருக்கொருவர் சுட்டுவோம். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடுகிற நாம் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாகாதா?

என் விண்ணப்பத்துக்கு விடை இன்னும் வரவில்லை. இடம் கிடைக்கலாம்; கிடைக்காமலும் போகலாம். எப்படி ஆயினும், ஓலையில் எழுதியிருப்பது நான்தான். அதில் எனக்கு ஐயமில்லை.